ஐந்தில் ஒரு பங்கு

கரைவலை இல்லம் என்ற ஒன்றே இல்லாமல் இருந்திருந்தால், அங்கே சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கு இதைவிட நன்றாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள் என்று நிழற்கணி சொன்னது. சொல்லிவிட்டு, "அறிக்கையை முடித்துவிடலாமா?" என்று பணிவாகக் கேட்டது.

ஜெசிந்தா முடிக்கச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை கணக்குப் போடு" என்றாள். அறச்சேவை மதிப்பீட்டு வாரியத்தின் தூத்துக்குடிக் கிளைக்குத் தலைமை மதிப்பீட்டாளர் அவள். அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நிழற்கணி மறுபடியும் போட்டது. அதே விடைதான் வந்தது. ஆள் முகம் பார்த்து விடையை மாற்றிச் சொல்ல அது என்ன ஊர்ப் பஞ்சாயத்தா?

நிழற்கணி வருவதற்கு முன்பெல்லாம் தொண்டு நிறுவனங்களின் பாடு சுலபமாக இருந்தது. ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றி, தேறிய பையன் ஒருவனை மேடையேற்றி, அவன் தாயை அழவைத்தால் போதும், நன்கொடை கொட்டும். அந்தப் பையன் தானாகவே தேறியிருப்பானோ என்று எவரும் கேட்டதில்லை. நிழற்கணி அதைத்தான் கேட்டது. ஓர் ஆளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, அந்த உதவி அவனுக்குக் கிடைக்காமலே போயிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று ஒரு மாற்று வாழ்க்கையை நாள் தவறாமல் ஓட்டிக் காட்டும். அந்த மாற்று வாழ்க்கைக்கு நிழல் என்று பெயர். நிஜ ஆளுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அதுதான் உதவியின் மதிப்பு.

வந்த புதிதில் ஊரே ஆட்டம் கண்டது. டியூஷனுக்கே போகாத நிழல் மாணவர்கள் அதே மார்க்கை வாங்கியதால் டியூஷன் சென்டர்கள் வரிசையாக ஷட்டரை இறக்கின. திரேஸ்புரத்தில் ஒருவர், இந்தப் பெண்ணைக் கட்டாமல் இருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று தன் நிழலைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பார்த்து, மனைவியிடம் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டார். பிறகு எல்லாம் பழகிவிட்டது. நிழல் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஜெசிந்தாவும் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் கோவில்பட்டியில் ஓர் இல்லத்தையும் வள்ளியூரில் ஓர் இல்லத்தையும் மூட எழுதிக் கொடுத்திருந்தாள்.

இப்போது கரைவலையின் முறை. போதை மாத்திரையில் சிக்கிய இளவட்டங்களையும், மனம் உடைந்து உயிரை வெறுத்த பிள்ளைகளையும் உப்பளத்து ஓரத்தில் பழைய கிடங்கு ஒன்றில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. வெள்ளிக்கிழமை அறிக்கை போனால் உரிமம் ரத்தாகும், உள்ளே இருப்பவர்கள் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வீடுகளில் என்ன காத்திருக்கிறது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் மகன் ரெக்ஸனும் அங்கே சிகிச்சை பெற்று வந்தவன்தான். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்கே பாதிதான் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் கரைவலைக்குப் போனாள்.

இல்லத்தை நடத்துகிற டாக்டர் சண்முகவடிவு வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மேடம். மூடப் போறீங்களா, இல்ல காப்பி குடிக்கப் போறீங்களா? ரெண்டும்னாலும் சரிதான்" என்றார். சிரிப்பு வாயோடு நின்றது, கண்ணுக்கு ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட தகப்பனார் இறங்கினார். பின்னாலேயே ஒரு பையன், நடுங்கும் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு. கோவில்பட்டிக்காரர்கள், தீப்பெட்டி ஆலை வைத்திருக்கிறவர்கள் என்று டாக்டர் சொன்னார்.

சேர்க்கிற முறை எல்லா இல்லத்திலும் ஒன்றுதான். வாசலை ஒட்டி ஒரு சொற்கூடு இருக்கும். பார்வைக்கு மாதா கோயில் பாவசங்கீர்த்தனப் பெட்டி மாதிரி, ஓர் ஆள் உட்காரும் மர அறை. முதலில் பெற்றவர்கள் உள்ளே போய்ப் பிள்ளையின் நிலையை வாயால் சொல்ல வேண்டும், பிறகு பிள்ளை போய்ச் சொல்ல வேண்டும். நிழற்கணி அதை வைத்துத்தான் நிழலை நெய்யும். மதிப்பீட்டாளருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஜெசிந்தா காதில் கேட்பியை மாட்டிக்கொண்டாள்.

"பையனுக்குச் சாப்பாடு சரியா எறங்க மாட்டேங்குது" என்றார் தகப்பனார். "லேசா அல்சர். ஹாஸ்டல் சாப்பாடு பாருங்க. மத்தபடி தங்கமான புள்ள."

நிழற்கணி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது. அடுத்துப் பையன் போனான். அவனிடம் மட்டும் முதலில் ஒரு கேள்வி கேட்டது: "இப்போது நீங்கள் சொல்லப் போவதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?"

"தெரியல" என்றான் பையன். "மாத்திரை போடுதேன். எத்தனன்னு எண்ணுறது இல்ல. முன்னால கோவில்பட்டில ஒரு இல்லத்துல இருந்தேன். அங்க நல்லாக் கொறஞ்சுது. அத மூடிட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு மட்டம் சாகப் பாத்தேன். இன்னொரு மட்டம் பாத்துருவேன்னு பயமா இருக்கு."

ஜெசிந்தா கேட்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கோவில்பட்டி இல்லத்துக்குப் பூட்டுப் போட்ட கை அது.

"அல்சராம்" என்றாள் டாக்டரிடம், மெதுவாக.

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு மேடம், வரன் பாக்காங்க. அண்ணங்காரன் மாத்திரை போடுதான்னு வெளிய தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்? பதிவெல்லாம் ரகசியம்னு நான் சொன்னா யாரு நம்புதா? நம்ம பக்கத்துல போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாத்துக்கும் ஒரே பேருதான், அல்சரு. கொஞ்சம் படிச்ச வீடுன்னா தூக்கமின்மை."

டாக்டர் பேசிக்கொண்டே போனார். "அல்சர்னு வந்த பையன மாசக்கணக்கா வச்சு, உயிரோட வெளிய அனுப்புதோம். அவன் இன்னும் தூக்கத்துல அலறுவான். நல்ல வேலைல நிலைக்க மாட்டான். உங்க கணி இவனையும் அந்த அல்சர் நிழலையும் பக்கத்துல வச்சுப் பாக்கும். வயித்துவலிக்கு வந்த புள்ளையக் கெடுத்து அனுப்பிருக்காங்கன்னுதான சொல்லும்?"

"பிள்ளைங்க உண்மையத்தான சொல்லுதாங்க? அது பதிவுல இருக்குமே."

"இருக்கு. ஆனா பெத்தவங்க சொல்லுக்கு முழு எடை, பிள்ளைங்க சொல்லுக்கு அஞ்சுல ஒரு பங்கு. வாரியத்துக்கு நாங்களும் எழுதிப் பாத்தோம். பெற்றோர் சொல்லை மறுக்க முகாந்திரம் இல்லைன்னு பதில் வந்துச்சு. அதுல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு."

அந்த ஐந்தில் ஒரு பங்கையும் ஜெசிந்தாதான் கொண்டுவந்தாள். சொல்லெடை விதிகளை வகுக்க வாரியம் கூடிய நாளில், போதைக்கு ஆட்பட்டவன் சொல்லுக்கு என்ன எடை போடுவது என்ற பேச்சு வந்தபோது, "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். வடையும் டீயும் வந்தன. விதி நிறைவேறியது. முன்பு சொன்னதை மாற்றிப் பேசுகிறவர்களுக்கும் அதே எடைதான் என்று வாரியம் தன் பங்குக்கு இன்னொரு விதி சேர்த்தது. நம்ப வேண்டிய காரணத்தைக் கேட்கும் அந்தக் கேள்வியும் அவள் எழுதியதே. ஒவ்வொரு விதியும் அதை முன்மொழிந்தவரின் சொல்லெடையின் மேல்தான் நிற்கும், யாரும் குறுக்குவழியில் விதி நுழைக்க முடியாது என்பதில் வாரியத்துக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

அந்தக் கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில்தான் ரெக்ஸன், "பனிமய மாதா மேல சத்தியமாப் போடலம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அரிசி டின்னுக்குள் மாத்திரை அட்டைகளை அவள் கண்டெடுத்தாள். மகன் மேல் இருந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய் ஊர்ப் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் கட்டிவிட்டாள். அன்றைக்கு அது அறிவாளித்தனம் போலத் தெரிந்தது.

அலுவலகம் திரும்பியதும் கரைவலைப் பெற்றோர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முன்பு சொன்னது சரிதானா, திருத்த ஏதாவது உண்டா என்று பதமாகக் கேட்டாள். "எங்க புள்ளைக்கு ஒண்ணுமே இல்லியே" என்றது ஒரு குரல். "சும்மா கவுன்சிலிங்தான்" என்றது இன்னொன்று. சிலர் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். ஒரு தாய் மட்டும் கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீங்களும் புள்ள பெத்தவுகதான மேடம்? ஒங்க புள்ளைய இப்பிடிச் சொல்லுவீங்களா?" என்றாள்.

ஜெசிந்தா போனை வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு ரெக்ஸனின் கோப்பைத் திறந்தாள்.

அவனுடைய நிழலை அவள் அதற்கு முன்பே பலமுறை பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாத சுகம் அது. நிழல் ரெக்ஸன் கப்பல் பொறியியல் முடித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தாய்க்குப் போன் பேசுகிற பிள்ளை. நிஜ ரெக்ஸன் பழைய துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கையுமாக இருந்தான். சாப்பாட்டுத் தட்டோடு அவன் எதிரே உட்காரும் வேளைகளில் அவள் மனசு அந்த இன்னொருவனிடம் போய்விடும். இவன் அதைக் கவனித்திருப்பானோ என்று இப்போது முதல்முறையாகத் தோன்றியது.

அந்த நிழல் எதிலிருந்து நெய்யப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் குரலையே ஓடவிட்டாள். "படிப்பு டென்ஷன். தூக்கம் சரியா வர மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்ல, நல்ல பையன்." அவள் அதைச் சொன்னதற்கு முந்தின வாரம்தான் அறைக் கதவை உடைத்து, நினைவிழந்து கிடந்த அவனை வெளியே தூக்கியிருந்தார்கள்.

ரெக்ஸன் சொன்னதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க உரிமை இருந்தது, தைரியம்தான் இல்லை. இப்போது கேட்டாள். இயந்திரம் அதே கேள்வியைக் கேட்டது, ஏன் நம்ப வேண்டும் என்று. பத்தொன்பது வயது ரெக்ஸன் கட்டைக் குரலில் சொன்னான்: "நம்ப வேண்டாம். ஆனா எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

ஜெசிந்தா மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோதனைக்காக, இவன் சொல்லுக்கு முழு எடை கொடுத்து நிழலை ஓட்டு" என்றாள். சிங்கப்பூர் பிள்ளை மறைந்தான். அவர்கள் வீட்டு அறை வந்தது, கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான், சில வாரங்கள் நகர்ந்தன. திரை நின்றது. "இந்த நபருக்கு இதற்கு மேல் நிழல் இல்லை" என்றது நிழற்கணி.

ஒர்க்‌ஷாப்புக்கு அவள் போனபோது சாப்பாட்டு நேரம். ரெக்ஸன் கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின்னில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் எழுந்தான்.

"என்னம்மா, இந்த வெயில்ல?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. கரைவலையை மூடப் போகிற செய்தியைச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். "நான் அன்னைக்குச் சொற்கூட்டுல பொய் சொன்னேன், எய்யா. அத மாத்திச் சொல்லணும். சொன்னா ஏன்னு ஆபீஸ்ல கேப்பாங்க, ஒன் பேரு வெளிய வரும். ஒன்னக் கேக்காமச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

ரெக்ஸன் டப்பாவை மூடினான். "நீ சொன்னது எனக்குத் தெரியும்மா. அந்தக் கூட்டுக்குக் கதவு சரியா மூடாது. வெளிய நின்னு எல்லாம் கேட்டேன்."

"கேட்டியா? ஒரு வார்த்த சொல்லலியேய்யா. ஒனக்குக் கோவம் வரலியா?"

"மொதல்ல வந்துச்சு." அவன் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான். "அப்புறம் யோசிச்சேன். நீ உள்ள ஒரு பையனப் பத்திச் சொன்னல்லா, தூக்கம் மட்டும் வராத நல்ல பையன்னு. அவன எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. அவன மாதிரி ஆயிரலாமான்னுதான் அங்க கெடந்தேன். முழுசா ஆக முடியல. இவ்வளவுதான் முடிஞ்சுது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் மன்னிப்புக் கேட்பதுபோல அல்லவா சொன்னான்! ஜெசிந்தா அவன் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலையில் கறை பட்டது.

"வேல முடிஞ்சதும் வாரேன், சேந்து போவோம்" என்றான் ரெக்ஸன். "நீ தனியாப் போனா அந்தக் கேள்வியிலயே முழிச்சுட்டு நிப்ப."

சாயங்கால வெயிலில் கரைவலையைச் சுற்றி உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. அல்சர் பையன் தோட்டத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ரெக்ஸன் அவனைப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டினான், பழைய மாணவன் புது மாணவனுக்குப் போடும் தலையாட்டல். ஜெசிந்தா சொற்கூட்டுக்குள் நுழைந்து கதவை இழுத்தாள். அது இன்றைக்கும் சரியாக மூடவில்லை.

பெயரைச் சொன்னாள். முன்பு கொடுத்த சொல்லை மாற்ற வந்திருக்கிறேன் என்றாள்.

"சொல்லை மாற்றுபவரின் எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்" என்றது நிழற்கணி. "மதிப்பீட்டாளர் பதவிக்கு முழு எடை தேவை. தொடரலாமா?"

"தொடரு."

"இப்போது நீங்கள் சொல்லப் போவதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?"

தான் எழுதிய கேள்வி எவ்வளவு மட்டமானது என்று அந்தப் பலகையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இதற்கு என்ன பதில் சொன்னாலும் கேட்கிறவன் சிரிக்கலாம். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் அழுத்தம். இதைத் தாண்டித்தானே அத்தனை பிள்ளைகளும் உண்மையைச் சொன்னார்கள்!

"நம்பணும்னு கேக்க எனக்கு வாய் இல்ல" என்றாள். "வெளிய என் மகன் நிக்கான். அவன் நாலு வருஷத்துக்கு முன்னாலயே சொல்லிட்டான். அத நான் ஆமான்னு சொல்ல வந்திருக்கேன்." பிறகு உடைத்த கதவையும், அரிசி டின்னையும், தூக்கமின்மை என்ற பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தாய், மகன் இருவர் சொல்லுக்கும் இப்போது ஒரே எடை. இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். பதிவாயிற்று" என்றது நிழற்கணி. அதோடு முடிந்தது என்று ஜெசிந்தா எழுந்தாள். அது முடிக்கவில்லை.

"நோயர் சொல்லெடை விதி உங்கள் சொல்லின் பேரில் நிற்கிறது. உங்கள் எடை குறைந்ததால் அந்த விதி செல்லாது. நோயர் சொல்லுக்கு இனி முழு எடை. கரைவலை இல்லம் அதன்படி மீண்டும் கணக்கிடப்பட்டது." சுவரில் இருந்த சிறிய திரை ஒளிர்ந்தது. கரைவலையின் மதிப்பு பள்ளத்திலிருந்து ஏறி, அந்த மாவட்டத்தில் எந்த இல்லமும் தொடாத இடத்தில் போய் நின்றது. மதிப்பீட்டாளர் எவரும் இதற்கு முன் சொல்லை மாற்றியதில்லை. அதனால் இப்படி ஒன்று நடக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. கதவிடுக்கு வழியே ரெக்ஸனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

"இதே விதியின்படி மூடப்பட்ட மற்ற இல்லங்களும் உங்கள் பெயரில் உள்ளன" என்றது நிழற்கணி, அதே பணிவோடு. "அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் நிழல்கள் இன்னும் பழைய விதிப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் திருத்திக் காட்டவா?"

திரையில் கோவில்பட்டி இல்லத்தின் நிழல்கள் வரிசையாக வந்து நின்றன. கல்லூரிக்குப் போகிறவர்கள், பைக் ஓட்டுகிறவர்கள், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள். எல்லோரும் அல்சரும் தூக்கமின்மையும் மட்டும் இருந்த பிள்ளைகள். பெற்றோர்கள் ஆசைப்பட்டுச் சொன்ன அந்தப் பிள்ளைகள் அவள் கணியில் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிஜப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் வெளியே குழாயடியில் இருந்தான். மற்றவர்கள் எங்கே என்று அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"அம்மா, முடிஞ்சுதா?" என்று ரெக்ஸன் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"இல்லய்யா. இன்னும் நெறைய இருக்கு. நீ வேணா வீட்டுக்குப் போ."

அவன் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா மறுபடி பலகையில் உட்கார்ந்தாள். "திருத்து" என்றாள். "ஒவ்வொருத்தனாக் காட்டு. பேரச் சொல்லிக் காட்டு."

பைக்கில் போய்க்கொண்டிருந்த முதல் பையன், ரெக்ஸனின் நிழலைப் போலவே, நடுரோட்டில் அப்படியே உறைந்து நின்றான். நிழற்கணி அவன் பெயரைச் சொன்னது.